இரண்டு மரக்கால் அரிசியும் பன்னிரண்டு மீனும்

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம் அது. ஏரிக்கு அந்தப் பக்கம், கடலோரக் குப்பத்தில் அம்மணி என்று ஒருத்தி இருந்தாள். கடல் மீனைப் பெட்டிக்குள் உயிரோடு வைத்து வளர்த்தவள். அதைக் குப்பத்தில் யாரும் பெருமையாகச் சொன்னதில்லை. மீனை விற்கிறவள் மீனுக்கு ஆயா வேலை பார்க்கிறாளாம் என்று சிரித்தவர்கள்தான் அதிகம். சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்கள் வீட்டு ஆள் யாரும் கோட்டைக் கொட்டடியில் இல்லை.

அவள் புருஷன் ராஜவேலு இருந்தான். இரண்டு வருஷம் மழை பொய்த்த பஞ்சம். வலையில் மீன் விழுந்தது, அதை வாங்கிக்கொண்டு அரிசி கொடுக்கத்தான் நாதியில்லை. வெறும் மீனாகத் தின்று தின்று இரண்டு வயதுப் பெண் குழந்தைக்கு வயிற்றுக்கடுப்பு கண்டுவிட்டது. புரட்டாசி மாதம் ஒரு காலையில் ராஜவேலு கோட்டைக்குப் போய்த் தன்னையே விற்றான். அன்று பிற்பகல் இரண்டு மரக்கால் அரிசி குடிசைக்கு வந்தது. தை பிறந்தால் வருகிற கப்பலில் அவனையும் மற்றவர்களையும் அடிமைகளாக ஏற்றிக் கடலுக்கு அப்பால் பத்தாவியாவுக்கு அனுப்புவார்கள். அங்கே போனவர்கள் திரும்பியதில்லை.

அரிசி வந்த மூன்றாம் நாள் குழந்தை போய்விட்டது. கரைத்துக் கொடுத்த கஞ்சி கடைவாயில் வழிந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை. அம்மணி மணலில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தாள். பானையில் சோறு இருந்தது. தின்றாள். அரிசி தீரும்வரை தினமும் பொங்கித் தின்றாள். அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை. உடம்பு மரத்துப் போனால் நல்லதுதான், வேலை ஓடும்.

கொட்டடிக்கு ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு கம்பிச் சன்னல் உண்டு. தினமும் தோணி ஏறி வந்து அதன் கீழே நிற்பாள். அவன் தினமும் அதையே கேட்பான்.

“பாப்பா துன்னுச்சா?”

“துன்னுச்சு.”

“நைனா எங்கன்னு கேக்குதா?”

“கேக்குது.”

முதல் நாள் வாய்தவறி வந்த பொய். மறுநாளும் அதுவே வந்தது. பிறகு அதை மாற்ற இடமில்லாமல் போய்விட்டது.

ஐப்பசியில் மழை கொட்டியது. இறந்தவர்களுக்கு அதனால் என்ன லாபம் என்று மழையைக் கேட்க முடியுமா? அது முடிந்த கையோடு கோட்டைக்கு ஒரு துரை வந்தான். படம் எழுதுகிறவன். இந்தக் கடலின் மீன்களை வண்ணத்தோடு எழுதி அவன் ஊருக்கு அனுப்ப வேண்டுமாம். செத்த மீன் நிறம் மங்கிவிடுகிறது, உயிரோடு வேண்டும் என்றான். கப்பல் அறைச் சன்னலுக்கென்று வந்திருந்த கண்ணாடிப் பலகையை மரப்பெட்டியின் ஒரு பக்கத்தில் பதித்து, படகுக்கு அடைப்பதுபோலக் குங்கிலியம் காய்ச்சி விளிம்பை அடைத்தார்கள். பெட்டி தயார். மீனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கோட்டைத் துபாஷி ஜலீல் மரைக்காயருக்குச் சன்னலடியில் தினமும் நிற்கிற மீன்காரி நினைவுக்கு வந்தாள்.

“பன்னெண்டு மீன் எழுதணுமாம். அதுவரைக்கும் சாவாம பாத்துக்கணும். இன்னா வேணும் உனக்கு?” என்று கேட்டார்.

“அவர வுட்டுடச் சொல்லு, மரைக்காயரே.”

துபாஷி துரையிடம் பேசினார். துரை பெரிய துரையிடம் போய் வந்தான். பன்னிரண்டு படமும் கப்பலுக்கு முன்னால் முடிந்தால் ராஜவேலுவின் பேரைப் பட்டியலில் அடித்துவிடுவதாகச் சொன்னான். ஓர் அடிமையின் பேரை அடிக்க அவர்களுக்கு ஒரு கோடு போதும்.

கரைவலைக்காரர்கள் தின்ன உதவாது என்று வீசியெறிகிற கழிசல் மீன்கள்தான் துரைக்குப் பிடித்தன. உள்ளங்கை அளவில் மஞ்சள் வரி போட்டது, நீலப் புள்ளி வைத்தது. தின்னாத மீனுக்கு யார் பேர் வைப்பது? வலை தண்ணீரை விட்டு எழும் முன்பே பானையை முக்கி அவற்றைப் பிடித்தாள் அம்மணி. கோட்டை வாசலில் ஏரித் தண்ணீர் இருக்கப் பெட்டிக்கு ஏன் தூரம் போக வேண்டும் என்று அதையே ஊற்றினாள். மடவை மீன் கடலிலிருந்து ஏரிக்கும் ஏரியிலிருந்து கடலுக்கும் போய்வருகிறதே, இவைகளுக்கு மட்டும் என்ன வந்தது? ஆனால் மழையில் ஆற்று வெள்ளம் இறங்கி ஏரி நல்ல தண்ணீராகியிருந்தது. பொழுது சாய்வதற்குள் அத்தனையும் மல்லாந்தன.

அடுத்த நாள் முதல் கடல் தண்ணீரைப் பானை பானையாகத் தோணியில் கொண்டுவந்தாள். கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றித் தண்ணீரை நுரைக்க வைத்தாள். மீன்கள் பிழைத்து நின்றன. ஒன்று, இரண்டு என்று நான்கு படம் முடிந்தது. அப்புறம்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

சமையல்கட்டில் கொடுத்த சோற்றில் ஒரு பிடி எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள். மீன்கள் கொத்தின. இன்னொரு பிடி போட்டாள். கை நிற்கவில்லை. வாய் திறந்து வாங்கிக்கொள்கிற எதையாவது கண்ணால் பார்த்து எத்தனை நாளாயிற்று! தன் பங்கு முழுவதையும் போட்டுவிட்டு, கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலையில் தண்ணீர் பால்போல வெளுத்து நாறியது. ஒரு மீன் மிஞ்சவில்லை. புது மீன் பிடித்து விட்டாள், மறுபடி சோறு போட்டாள், மறுபடி செத்தன. துரை தூரிகையை எறிந்தான். மார்கழி பிறந்திருந்தது.

“இவளுக்குக் கைராசி இல்லேன்னு துரை சொல்றாரு. வேற ஆளப் பாக்கட்டுமான்னு கேக்குறாரு,” என்றார் துபாஷி. நல்ல மனிதர்தான், அதைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அம்மணி பானைகளைக் கழுவ எடுத்தாள். மூலையில் இருந்த பானையில் ஏதோ அசைந்தது. நான்கு நாளைக்கு முன்னால் பிடித்து, பெட்டியில் விட மறந்துபோன மஞ்சள் வரி மீன். ஒரு பருக்கை போடவில்லை. தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. மீன் பளிச்சென்று நின்றது.

“நாலு நாளா ஒண்ணும் துன்னல. உசுரோட கீது,” என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. “எம்பொண்ணு மூணே நாளுதான் தாங்குச்சு.”

துபாஷி அந்தப் பானையை ஒருமுறை எட்டிப் பார்த்தார். துரையிடம் போய் இன்னும் ஒரு தரம் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து அவள் மீன்களைப் பட்டினி போட்டாள். இரண்டு நாளைக்கு ஒருமுறை இறால் சதையை நசுக்கி நகக்கண் அளவு. அவை கண்ணாடி ஓரமாய் வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அவள் அவற்றின் எதிரிலேயே உட்கார்ந்து தண்ணீர் ஊற்றுவாள். இப்படி ஒரு நெஞ்சு தனக்கு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஒருநாள் துரை தன் ரொட்டியைப் பிய்த்து உதிர்த்தபோது பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“போடாத! போட்டா செத்துடும்!”

துபாஷி ஓடி வந்தார். கோட்டைக்காரன் கையைப் பிடித்தவளுக்குச் சவுக்கடி நிச்சயம். துரை அவள் கண்ணைப் பார்த்தான். ரொட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு படம் எழுதப் போனான்.

தை பிறக்க மூன்று நாள் இருக்கும்போது பன்னிரண்டாவது படம் முடிந்தது. மீன்கள் உயிரோடு இருந்தன. துரை சொன்ன சொல் தவறவில்லை. பட்டியலில் கோடு விழுந்தது, ராஜவேலு சூரிய வெளிச்சத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தான். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் பார்த்தார்கள். அம்மணி அந்தப் பக்கம் திரும்பவில்லை. மீன்களைப் பானையில் அள்ளிக்கொண்டாள்.

தோணி கடந்து மணலில் ஏறியதும் அவன் முன்னால் விறுவிறுவென்று நடந்தான். இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் கல்போன்ற கப்பல் ரொட்டி ஒன்றை எடுத்துக் காட்டினான்.

“ஒரு நாளு குடுத்தானுங்க. பாப்பாவுக்குன்னு வெச்சினு இருந்தேன். ஊற வெச்சா துன்னும்ல?”

அம்மணி பானையை அலையில் சாய்த்தாள். மீன்கள் போயின. இதற்கு மேல் செய்ய வேலை ஒன்றும் இல்லை.

“பாப்பா இல்லய்யா,” என்றாள். “அரிசி வந்த மூணாம் நாளே பூடுச்சு. ஒரு வாய் எறங்கல. அத்தினி அரிசியும் நான்தான் துன்னேன்.”

அவன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான். ரொட்டியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் எழுந்து அடிப்பான் என்று அவள் நின்றாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

“நீயாச்சும் துன்னியே,” என்றான்.

புரட்டாசிக்குப் பிறகு இப்போதுதான் அம்மணிக்குப் பசித்தது. அவன் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள்.

“அத்தக் குடு,” என்று கையை நீட்டினாள்.