பெரியம்மாவின் குழையல்

யாழ்ப்பாணத்தை விட்டு வன்னிக்கு வந்தபின், நாங்கள் இருந்த இடமெல்லாம் வீட்டில் யாராவது ஒருவருக்கு நெருப்புக்காய்ச்சல், அதுதான் டைபொய்ட், வந்தது. கிளிநொச்சியில் எனக்கு. அடுத்த இடம்பெயர்வில், ஸ்கந்தபுரத்தில், தங்கச்சிக்கு. நான் பிழைத்தேன், அவள் பிழைக்கவில்லை. மல்லாவியில் கொட்டில் போட்டபோது எனக்கு எட்டு வயது. அழுது களைத்த வீடு அது. ஒருவருக்கும் ஒன்றிலும் தெம்பு இல்லை.

அப்பாவுக்கு மட்டும் தண்ணீரோடு சண்டை பிடிக்கத் தெம்பு மிஞ்சியிருந்தது. "வன்னித் தண்ணி எங்களுக்கு ஒத்துவராது" என்பார். கிணறு மாற்றினார். கொதிக்க வைத்தார். கொதித்ததை வடித்து மறுபடியும் கொதிக்க வைத்தார். விறகு தீர்ந்ததே தவிரக் காய்ச்சல் தீரவில்லை. அடுத்ததாக அண்ணா படுத்தார்.

எங்களுக்குச் சமைத்ததும் காய்ச்சல்காரரைப் பார்த்ததும் அம்மாவின் அக்காதான். பெரியம்மா மத்தியானம் மிஞ்சிய சோற்றையும் கறியையும் பின்னேரம் ஒன்றாகக் குழைத்து உருட்டி, சுற்றியிருக்கும் எங்கள் கைகளில் வைப்பார். பருப்பையும் முருங்கையிலையையும் விட்டால் வேறொன்றும் கிடைக்காத நாட்களிலும் அந்தக் குழையல் ருசித்தது. இளவயதில் அவருக்கும் இதே காய்ச்சல் வந்து மாறியதாம். அதற்குப் பிறகு ஒரு தும்மல் தடிமன்கூட வந்ததில்லை என்பதில் அவருக்கு நல்ல பெருமை.

அண்ணாவைப் பார்த்த டொக்டரும் களைத்துப்போன மனிதர். அப்பா கிணற்றுக் கதையைத் தொடங்க, இடையில் மறித்தார்.

"கிணத்தை விடுங்கோ. வீட்டில ஆர் சமைக்கிறது?"

பெரியம்மாவின் மலத்தைப் பரிசோதனைக்காக வவுனியாவுக்கு அனுப்பினார்கள். முடிவு வருவதற்குள் அண்ணா எழும்பி நடந்துவிட்டார். டொக்டர் சொன்னதை அம்மா வந்து சொன்னார். பெரியம்மாவுக்கு இப்போது நோய் வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பழைய காய்ச்சலின் கிருமி அவருடைய பித்தப்பையில் இன்னும் குடியிருக்கிறது. மலத்தோடு வெளியே வருகிறது; கையில் ஒட்டிச் சோற்றுக்குள் போகிறது; வெக்கையில் கிடக்கும் சோற்றில் பெருகுகிறது. சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவினால் கையில் நிற்காதாம். வன்னிக்குள் சவர்க்காரம் கண்ணில் படாத காலம் அது. மருந்து முடியும்வரை பெரியம்மா குசினிப் பக்கம் போகக் கூடாது.

இத்தனையிலும் எனக்குப் பிடிபட்டது, பெரியம்மாவுக்கு வருத்தம் இல்லை என்பது மட்டும். சந்தோசத்தில் துள்ளினேன்.

"சின்னவளுக்கு என்ர கையாலயெல்லோ குடுத்தனான்" என்றார் பெரியம்மா. அதன் பிறகு மூலையில் போய்ப் படுத்தவர், சாப்பாட்டைத் தொடவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் அம்மா குழைத்தார். அம்மாவுக்கு அது சரிவராது, உருண்டை உதிரும். ஆனாலும் கையை நீட்டிக்கொண்டு இருந்தோம். அம்மா எங்களைத் தாண்டி, மூலையில் கிடந்த பெரியம்மாவிடம் போனார்.

"அக்கா, வாயைத் திறவுங்கோ."

பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"திறவுங்கோ அக்கா. இன்னொராளையும் சாகக் குடுக்க என்னால ஏலாது."

பெரியம்மா வாயைத் திறந்தார். அம்மா ஊட்டினார். இருவரும் அழுதார்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் வீட்டில் முதல் உருண்டை எப்போதும் ஆகச் சின்னப் பிள்ளைக்கு. தங்கச்சி போனபின் அது எனக்கு வந்திருந்தது. அதைத் தூக்கிப் பெரியம்மாவுக்குக் கொடுத்ததற்காக, அன்று படுக்கும்வரை நான் அம்மாவோடு கதைக்கவில்லை.