துபாய்க்குக் கட்டிய குருமாப் பொடி

போன வருடக் கோடை விடுமுறையில் நடந்தது இது. திருச்சி விமான நிலையத்தில் என் உயிரைப் பாதி எடுத்துவிட்டு, மீதியை எடுக்க ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

பத்தாம் வகுப்பு முடித்ததும் வெளிநாடு கூட்டிப் போகிறேன் என்று மகளுக்கு என் கணவர் வாக்குக் கொடுத்திருந்தார். துபாய் என்று முடிவானது. கோடையில் அங்கே போக டிக்கெட் மலிவு. “அந்த வெயில்ல யாராச்சும் போவாங்களா?” என்று கேட்டவர்களிடம், “திருச்சிக்காரங்ககிட்ட வந்து வெயிலைக் காட்டிப் பயமுறுத்துறீங்களே” என்று சொல்லி வாயை அடைத்தேன்.

எங்கள் வீட்டில் வரவு செலவு முழுக்க என் கையில்தான். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நான் ஆட்டோக்காரரிடம் பேரம் பேச ஆரம்பித்தால், அப்பாவும் மகளும் என்னை யாரென்றே தெரியாதவர்கள் போலத் தள்ளிப் போய் நிற்பார்கள். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. வெளிநாட்டில் டிக்கெட்டும் ரூம் வாடகையும் ஆளை விழுங்குவதில்லை, காபி, டிபன், தண்ணீர் பாட்டில் என்று தினசரி கரைவதுதான் விழுங்கும் என்பது என் கட்சி. அதனால் சமையலறையோடு கூடிய ரூமாகத் தேடிப் பிடித்தேன். டாக்ஸி கிடையாது, மெட்ரோதான். ஓட்டல் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. அரிசி, காய் மட்டும் அங்கே வாங்குவது, மற்றதெல்லாம் இங்கிருந்தே கட்டிக்கொண்டு போவது.

கட்டுவதற்குத் துறையூரிலிருந்து என் அக்கா வந்துவிட்டாள். பொடி இடிப்பதில் அவளுக்கு நிகர் கிடையாது. இரண்டு பேரும் காந்தி மார்க்கெட்டுக்குப் போய் மளிகை வாங்கி வந்து வறுத்தோம், அரைத்தோம். பருப்புப் பொடி, வத்தக்குழம்புப் பொடி, புளிக்காய்ச்சல், எல்லாவற்றுக்கும் மேலாகக் குருமாப் பொடி. தேங்காய் இல்லாவிட்டாலும் குருமா கெட்டியாக வரவேண்டும் என்று கசகசாவைத் தாராளமாக அள்ளிப் போட்டோம். அதில் மட்டும் நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை.

என் கணவர் பெட்டியைத் தூக்கி எடை பார்த்தார். தன்னுடைய ஷூவை வெளியே எடுத்துப் போட்டுவிட்டுப் பொடிகளுக்கு இடம் கொடுத்தார். பிறகு பூட்டைப் போட்டு, “இனிமே ஒரு குண்டூசி உள்ள போகக் கூடாது. சொல்லிட்டேன்” என்றார்.

விமான நிலையத்தில் எல்லாம் சுமுகமாகத்தான் நடந்தது. பெட்டியைக் கவுண்டரில் போட்டாகிவிட்டது. அது பெல்ட்டில் ஆடி அசைந்து போனதையும் பார்த்தாகிவிட்டது. பாஸ்போர்ட் பார்க்கும் வரிசையில் எங்களுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றிருந்தார். லால்குடிப் பக்கமாம். துபாயில் ஆஸ்பத்திரியில் நர்ஸ், லீவு முடிந்து திரும்பிப் போகிறார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? நாங்கள் எப்படிச் செலவே இல்லாமல் சுற்றப்போகிறோம் என்று பெருமையாக எடுத்துவிட ஆரம்பித்தேன். அவரும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்க ஒரு நாள் எங்க ரூமுக்குச் சாப்பிட வாங்க. எங்க அக்கா இடிச்ச குருமாப் பொடி, கசகசா போட்டு…”

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

“அக்கா, கசகசாவா? எங்க இருக்கு அது?”

“பெட்டியில. போட்டாச்சே.”

“ஐயோ! அந்த ஊர்ல அது போதைப்பொருள் கணக்குங்க. ஓபியம் எடுக்குற செடியோட விதை. ஒரு பொட்டலம் இருந்தாலும் ஜெயில்தான். சமையலுக்குன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. உடனே போய்ப் பெட்டியைத் திருப்பி வாங்குங்க, நிக்காதீங்க!”

ஜெயில் என்ற வார்த்தைக்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் சரியாக விளங்கவில்லை. குருமாவுக்கும் ஜெயிலுக்கும் என்ன சம்பந்தம்? பிரியாணியில், பாயசத்தில், குழந்தை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்தில் என்று எங்கள் வீட்டில் புழங்காத நாள் உண்டா? என் கணவர் முகம் வெளுத்துவிட்டது. மகள் என் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

கவுண்டருக்கு ஓடினேன். செருப்பு ஒன்று கழன்று போனதுகூடத் தெரியவில்லை. அங்கே இருந்த பெண்ணிடம், “எங்க பெட்டியைக் கொஞ்சம் திருப்பிக் குடுங்கம்மா” என்றேன். “ஏன் மேடம், என்ன இருக்கு அதுல?” என்றாள். என் கணவர் என்னவோ மென்று விழுங்கினார். நான் பட்டென்று, “கசகசா” என்றேன். அவள் வேறு எதுவும் கேட்காமல் போனை எடுத்தாள். அவள் கேட்காமல் விட்டதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. அப்படியானால் அந்த நர்ஸ் சொன்னது உண்மை.

பெட்டி வந்து சேர்வதற்குள் எங்கள் குலதெய்வத்துக்கு நான் என்னென்னவோ நேர்ந்துகொண்டேன். வந்ததும் அங்கேயே தரையில் வைத்துத் திறந்தோம். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் அப்பளக் கட்டும், பருப்புப் பொடியும், எண்ணெய் கசிந்த புளிக்காய்ச்சல் டப்பாவும் கடை பரப்பிக் கிடந்தன. யாரோ சிரித்தார்கள். மற்ற நாளாக இருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்றைக்கு யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் குருமாப் பொடிப் பொட்டலங்களைப் பொறுக்கி எடுத்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து இடித்ததை எல்லாம் அங்கிருந்த குப்பைத் தொட்டியில் போட்டேன். வேறு எதில் போட்டோம், வேறு எதில் போட்டோம் என்று புலம்பிக்கொண்டே ஒவ்வொரு டப்பாவாக முகர்ந்து பார்த்தேன். பெட்டியில் வேறு எதிலும் இல்லை. பெட்டி திரும்பிப் போனது. “தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு” என்றார் என் கணவர். அந்த நர்ஸ் எனக்காகக் கழன்ற செருப்பை எடுத்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

துபாயில் இறங்கியதும் சோதனை செய்யும் இடத்தில் எனக்குப் பயம்தான். ஆனால் ஒரு தைரியமும் இருந்தது. பெட்டியை உதறிப் பார்த்தாகிவிட்டதே. அங்கிருந்த அதிகாரி என் மகளின் முதுகுப் பையைக் கை காட்டி நிறுத்தினார். அவள் டியூஷனுக்குத் தூக்கிப் போகும் பைதான் அது. ஜிப்பில் ஒரு மஞ்சள் வாத்து பொம்மை தொங்கும். அவர் அந்த வாத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சிரித்து, போகச் சொன்னார். அவளும் சிரித்தாள். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஊர் சுற்றினோம். மெட்ரோ, கடற்கரை, பெரிய பெரிய மால். குருமா இல்லாமல் வத்தக்குழம்பிலேயே காலத்தை ஓட்டினோம். மகளின் பிறந்தநாள் அங்கேதான் வந்தது. அன்றைக்கு மட்டும் என் கணவர் பேச்சைக் கேட்டு ஓட்டலில் சாப்பிட்டோம், நானும் பில்லைப் பார்க்கவில்லை. போன இடமெல்லாம் அந்த வாத்துப் பையை மகள்தான் சுமந்தாள்.

ஊர் திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பேரீச்சம்பழம் வாங்கிப் போக அக்கா வந்தாள். விமான நிலையக் கதையைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

“ஏன்டி, பிள்ளை பொறந்தநாளுக்குப் பாயசம் வச்சியா இல்லையா?”

“என்ன பாயசம்?”

“கசகசா பாயசம்தான்டி. அவளுக்கு உசிராச்சே. உன் வீட்டுக்காரர் பெட்டியைப் பூட்டிட்டாரு. அதான் பிள்ளையோட பையில, முன்னாடி ஜிப்புல, குடை உறைக்குள்ள ஒரு பொட்டலம் சொருகி வச்சேன். அவகிட்ட சொல்லிட்டுத்தான் போகணும்னு இருந்தேன், பஸ்ஸுக்கு ஓடுன அவசரத்துல மறந்துட்டேன். குடையை எடுக்கும்போது எப்படியும் பார்ப்பீங்கன்னு நினைச்சேன்.”

துபாயில் ஏது மழை? குடையை யார் எடுத்தார்கள்?

என் கணவர்தான் போய் அந்தப் பையை எடுத்து வந்தார். ஜிப்பைத் திறந்தார். வாத்து ஆடியது. குடை உறைக்குள்ளிருந்து, வாயை இறுக்கி முடிச்சுப் போட்ட சின்ன பிளாஸ்டிக் பொட்டலம், முடிச்சுக்கூட அவிழாமல் வந்து விழுந்தது. அந்த அதிகாரியின் விரல் பட்ட இடத்துக்கு ஒரு சாண் கீழே அது இருந்திருக்கிறது. மெட்ரோவில் இருந்திருக்கிறது, போலீஸ்காரரிடம் நான் வழி கேட்டபோது அவள் முதுகில் இருந்திருக்கிறது. பெட்டியில் இருந்ததற்காக நான் பயந்தேன், அது பிடிபட்டிருந்தால் என்னைப் பிடித்திருப்பார்கள். இது பிடிபட்டிருந்தால்?

விஷயம் தெரிந்ததும் அக்கா தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்தவள்தான், “நான் ஆசையா வச்சேன்டி, ஆசையா வச்சேன்” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. தன் பையை எதற்குத் திறந்தோம் என்று கேட்டுக்கொண்டே மகள் உள்ளேயிருந்து வந்தாள். நான் அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். “என்னம்மா, விடும்மா” என்று நெளிந்தாள். நான் விடவில்லை.

இப்போதும் நான் சிக்கனக்காரிதான், ஆட்டோவுக்குப் பேரம் பேசத்தான் செய்கிறேன். ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் அங்கே எது ஆகும், எது ஆகாது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒரு பொட்டலம் கட்டுவதில்லை. கிளம்பும்போது எல்லோர் பையையும் நானே ஒரு முறை கொட்டிப் பார்க்கிறேன், குடை உறை உட்பட. துபாயில் சாப்பாட்டுச் செலவில் எவ்வளவு மிச்சம் பிடித்தீர்கள் என்று யாராவது கேட்டால், பதிலுக்கு என் மகளைக் காட்டத்தான் எனக்குத் தோன்றுகிறது.