இலவச லேமினேஷன்

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். லேமினேஷன் மெஷின் வாங்கிய நாளிலிருந்து எனக்கு ஒரு கிறுக்கு. எந்தக் காகிதத்தைக் கண்டாலும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச் சூடு காட்டினால்தான் கை அடங்கும். மார்க் ஷீட், ஜாதகம், ஒருமுறை வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகையைக்கூட விடவில்லை. "நான் கொஞ்சம் அசையாம உக்காந்தா என்னையும் உள்ள விட்டுருவீங்க போல" என்றாள் என் மனைவி.

ஒரு மழைநாளில்தான் அவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். ராஜபாளையம் ரோட்டுப் பழைய இரும்புக் கடையில் சாமான் பிரிக்கிற வேலை என்றார். சட்டைக்குள்ளிருந்து ஒரு பாலிதீன் பையை எடுத்து, அதற்குள்ளிருந்து இன்னொரு பையை எடுத்து, நாலாக மடித்த தாள் ஒன்றைப் பதனமாக விரித்தார். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது.

"ரெண்டு ஜெராக்ஸ், சார்."

ஊர் கேட்காமல் நான் யாரையும் விட்டதில்லை. குருவிகுளமா திருவேங்கடமா என்று முகத்தை வைத்தே சொல்லிவிடுவேன் என்று பெருமை வேறு. "அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" என்றேன்.

"பர்மா. ரோஹிங்கியா. மெட்ராஸ் பக்கம் கொஞ்ச வருஷம் இருந்தோம். இப்ப இங்க."

டிவியில் பார்த்திருந்தேன், படகு, கூட்டம், எரிகிற குடிசைகள். "அடடா" என்றேன். என்ன சொல்வதென்று தெரியாத நேரத்தில் எதையாவது செய்து வைப்பது என் வழக்கம். "ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்று அவரை அனுப்பிவிட்டு, நகல் இரண்டும் எடுத்தேன். பிறகு கிழிசல்களை டேப் போட்டு ஒட்டி, தாளை மெஷினுக்குள் விட்டேன்.

திரும்பி வந்தவரிடம் நீட்டினேன். "இனி மழையில விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது. காசு வேண்டாம்." அவர் நன்றி சொன்னால் எப்படிச் சிரிப்பது என்பதுவரை தயாராக இருந்தேன். அவர் தாளைத் திருப்பினார். பின்பக்கம் வரிசையாகக் கையெழுத்துகள், முத்திரைகள், கீழே கொஞ்சம் வெற்றிடம். அந்த வெற்றிடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். மறுபடியும் தேய்த்தார்.

"இது அகதிப் பதிவுத் தாள், சார். மாசாமாசம் இங்க போலீஸ் ஸ்டேஷன்ல இதுல கையெழுத்து வாங்கணும். நாளைக்குப் போகணும்."

"அதுக்கென்ன, மார்க்கர்ல போடச் சொல்லுங்க" என்றேன். இப்படி ஒரு புத்திசாலி வேறு எந்த ஊரில் கிடைப்பான்?

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். "இது செல்லாதுன்னா என்னை உள்ள வச்சிருவாங்க. வீட்ல பொண்டாட்டியும் பொண்ணும் மட்டும்தான்" என்றார்.

பிளேடால் ஓரத்தைக் கீறிப் பிரித்தேன். பிளாஸ்டிக்கோடு ஒரு முத்திரையின் பாதியும் கழன்று வந்தது. அப்படியே நிறுத்திவிட்டேன்.

மறுநாள் காலை அவரைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகலாமென்று இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்குப் பின்னால், நாலு கம்பு நட்டு, பழைய ஃபிளெக்ஸ் பேனர்களைச் சேர்த்துத் தைத்த ஒரு கூடாரம். ஒரு பக்கச் சுவர் காதணி விழா, ஒரு பக்கம் ஆடித்தபசு வாழ்த்து, ஒரு பக்கம் கண்ணீர் அஞ்சலி. நாலாவது சுவரில் தலைக்கு மை அடித்துக்கொண்டு கைகூப்பி நின்றது நான்தான், என் கடைத் திறப்பு விழா பேனர். அந்தப் பேனரால் ஒருத்தருக்காவது பிரயோஜனம் உண்டென்றால், அது இவர்கள் மேல் சாரல் அடிக்காமல் மறைத்ததுதான். அதையும் முழுசாக மறைக்கவில்லை. பேனரில் என் முழங்காலுக்குக் கீழே புகுந்த தண்ணீரை அவர் மனைவி தட்டால் அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். ஏழெட்டு வயது மகள் ஒரு லாரி டயர்மேல் காலைத் தூக்கிவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"இது நாலாவது இடம், சார். ஒவ்வொரு தடவையும் எல்லாத்தையும் விட்டுட்டு ஓடினோம். இந்தப் பேப்பரை மட்டும் விடல" என்றார் அவர். எனக்குப் பால் இல்லாத டீ ஒன்று தந்தார்கள். வெட்கமாக இருந்தது. குடித்தேன்.

ஸ்டேஷனுக்கு நான் வெறுங்கையோடு போகவில்லை. விடியற்காலையிலேயே எழுந்து ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். தாலுகா ஆபீஸுக்குப் போகிறவர்களுக்கு இருபது வருஷமாக மனு எழுதிக் கொடுத்த கை. "மேற்படி நபரை எனக்கு நன்கு தெரியும். மேற்படி ஆவணம் சேதமடைந்ததற்கு நானே முழுப் பொறுப்பு" என்று மூன்று முறை திருத்தி எழுதியதில் எனக்கே புல்லரித்திருந்தது.

ஏட்டையா முதலில் தாளை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இதுல எங்கனவே கையெழுத்துப் போட?"

கடிதத்தை நீட்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீரு ஜெராக்ஸ் கடைக்காரர்லா?" என்றார். ஆமாம் என்றேன். என்னிடம் வேறு எந்த அத்தாட்சியும் கேட்கவில்லை. கடிதத்தை வாசித்தார்.

"நன்கு தெரியும்னு எழுதியிருக்கீரு. மேற்படி நபர்னா யாரு? இவரு பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை. இரண்டு நகல் எடுத்தேன், கிழிசலுக்கெல்லாம் டேப் ஒட்டினேன், பிளேடால் கீறினேன். ஒருமுறைகூட அந்தத் தாளை வாசிக்கவில்லை.

பக்கத்தில் நின்ற அவரைப் பார்த்தேன். தன் பெயரைச் சொன்னார். மனைவி பெயர், மகள் பெயர், யாரும் கேட்காமலே ஊர்ப் பெயர். நான் எழுதிக்கொள்ள வசதியாக ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொன்னார்.

"அந்த ஊர் இப்ப இல்ல, சார்" என்றார் கடைசியாக.

அதையும் எழுதவா என்று ஏட்டையாவைக் கேட்டேன்.

"எழுதும். இந்த மாசத்துக்கு இதுலயே போட்டுருதேன்" என்று சொல்லிவிட்டு, என் கடிதத்தில் வைப்பதற்கு முத்திரையை எடுத்தார்.