படகுக்காரனும் பச்சிலைக் குப்பிகளும்

என் வீட்டுக்காரருக்கு ஆபீசில் வைத்த பெயர் தராசு. வீடியோ கேம் தயாரிக்கும் கம்பெனியில், எந்த எதிரிக்கு எவ்வளவு பலம், கடையில் எந்தப் பொருள் என்ன விலை என்று முடிவு செய்வது அவர் வேலை. "விரலுக்கேத்த வீக்கம் இருக்கணும்" என்பதுதான் அவருடைய வேதம். ஆனால் அடுப்படியில் உப்பு எவ்வளவு போடுவது என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார்.

அவர்கள் செய்துகொண்டிருந்த கேமில் ஒரு வைத்தியச்சி ஊர் ஊராகப் போவாள். வழிமறிப்பவர்களோடு முறை வைத்துச் சண்டை: நாம் ஓர் அடி அடித்தால் அவன் ஓர் அடி அடிப்பான். நம் முறை வரும்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். எல்லாம் நன்றாகத்தான் போனது, ஆற்றங்கரைப் படகுக்காரன் வரும்வரை. சோதனைக்கு விளையாட வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவனிடம் தோற்றுவிட்டு, கேமே வேண்டாம் என்று எழுந்து போனார்கள்.

முதலாளிக்கு அதில் ஒரு வழி தெரிந்தது. "அங்கேயே ஒரு கடையைப் போடுவோம். நிஜப் பணம் கொடுத்தா நல்ல மருந்து. தோத்தவன் வாங்காம எங்க போவான்?"

"அதுக்குப் பேரு சண்டை இல்ல சார், சுங்கச்சாவடி" என்றாராம் இவர்.

"அப்படின்னா மாசக் கடைசிக்குள்ள பாதிப் பேரையாவது ஆத்தைத் தாண்ட வைங்க. இல்லைன்னா கடைதான்."

அன்றிலிருந்து வீட்டில் எனக்கு நிம்மதி போயிற்று. படகுக்காரனின் பலத்தைக் குறைத்தால், கெட்டிக்காரர்கள் கொட்டாவி விட்டார்கள். கூட்டினால் மற்றவர்கள் ஓடினார்கள். அடிபட்டால் குடிக்க, கேமுக்குள் சம்பாதிக்கும் காசில் வாங்கும் பச்சிலை மருந்துக் குப்பியின் விலையைக் குறைத்தார். எல்லாரும் வாங்கிக் குவித்தார்கள், குவித்துவிட்டு அப்படியே தோற்றார்கள். இவர் சாப்பாட்டில் கை வைத்தபடியே படகுக்காரனைத் திட்டுவார். நான் இவரைத் திட்டுவேன்.

கடைசியில் என்னையே விளையாட உட்கார வைத்தார். அவர்கள் தொழிலில் ஒரு விதி உண்டாம். விளையாடுபவருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. முக்காலியைப் போட்டுக்கொண்டு இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் தோற்றேன். மறுபடியும் தோற்றேன். விதியாவது ஒன்றாவது, மனிதர் கத்தியே விட்டார்.

"பை நிறைய மருந்து கிடக்கே! ஒண்ணையாவது எடுத்துக் குடிக்கக் கூடாதா?"

"இவன் வெறும் படகுக்காரன்தானே? இவனுக்கு மேல பெரிய ஆள் எவனாவது வருவான். அப்ப வேணும்ல?"

"செத்ததுக்கப்புறம் எதுக்கு வேணும்?"

கோபத்தில் எழுந்து போய், வேறு துண்டு தேடி அலமாரியைத் திறந்தார். விருந்தாளி வந்தால் வேண்டுமே என்று நான் எடுத்து வைத்திருந்த புதுத் துண்டுகள், உறைகூடப் பிரிக்காமல் இருந்தன. அவர் தோளில் கிடந்ததோ ஓட்டைத் துண்டு. அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றவர், "எல்லாரும் உன்னை மாதிரிதான்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவருக்கு வழி கிடைத்துவிட்டது.

குப்பி கெட்டுப்போகும்படி செய்தார். மூன்று ஊர் தாண்டினால் பச்சை மருந்து பழுப்பாகிவிடும், குடித்தாலும் பலனில்லை. வீணாகப் போகிறதே என்று எல்லாரும் எடுத்துக் குடித்தார்கள். படகுக்காரன் பலத்தில் ஒரு புள்ளியும் குறைக்கவில்லை. பாதிப் பேருக்கு மேல் ஆற்றைத் தாண்டினார்கள். நானும் தாண்டினேன். பக்கத்து வீட்டுக்காரி என்னவோ ஏதோ என்று ஓடி வரும் அளவுக்குக் கத்தினேன்.

இரண்டு நாள் கழித்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"முதலாளிக்கு இது தங்கமான யோசனையாம். கெட்டுப்போற மருந்துன்னா புதுசு வேணுமேன்னு கரையில கடை போடறாராம். கெடுற வேகத்தையும் கூட்டச் சொல்றார்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

"பாதிப் பேருக்கு மேல தாண்டிட்டாங்கல்ல? நீங்க என்ன சொன்னீங்க?"

"முடியாதுன்னு சொல்லிட்டேன்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. புதுத் துண்டு ஒன்றைப் பிரித்துக் கொடுத்தேன்.

கேம் வெளிவந்த அன்று முதல் ஆளாக நான் உட்கார்ந்தேன். வழக்கம்போல் பின்னால் முக்காலியில் அவர். ஆற்றுக்கு முந்தைய ஊரில்தான் பை நிறையக் குப்பி வாங்கினேன். படகுக்காரன் முன்னால் வந்து பையைத் திறந்தால், அத்தனையும் பழுப்பு. கரையில் ஒரு குட்டிக் கடை, வாசலில் விளக்கு. என் கார்டு நம்பரைக் கேட்டது.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"முடியாதுன்னு சொன்னதா சொன்னீங்களே?"

"விளையாடுறப்போ நான் பேசக் கூடாது" என்றார்.