ஐப்ரோ பென்சிலில் ஒரு மீசை

முடி எல்லாம் கொட்டும் என்று டாக்டர் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "மீசையுமா?" என்பதுதான்.

டாக்டர் சின்னப் பெண். கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கி என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "எல்லா முடியும்தான் சார்" என்றார். அப்புறம் வாந்தி, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் எந்த நேரமானாலும் புதுச்சேரிக்கு ஓடி வரவேண்டியது என்று சொல்லிக்கொண்டே போனார். என் காதில் எதுவும் ஏறவில்லை. கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்திருந்த கட்டிக்குப் பெயர் புற்றுநோய் என்று தெரிந்து அப்போது சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அந்தச் செய்தியைக் கேட்டபோது வராத வியர்வை, மீசைக்கு வந்தது.

காரணம் இருக்கிறது. எங்கள் தென்காசிப் பக்கம், அப்பா உயிரோடு இருக்கிறவன் மீசையை எடுக்கமாட்டான். அப்படி ஒரு சட்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மீறியவனையும் நான் பார்த்ததில்லை. தலையும் மீசையும் சேர்த்து மழித்த நடுவயதுக்காரன் எதிரில் வந்தால், கேட்காமலே தெரிந்துகொள்ள வேண்டியதுதான்: அப்பாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்திருக்கிறான். என் அப்பாவோ தென்காசியில் தினமும் காலையில் நடை போகிறார். மீசைக்கு டை அடிக்கிறார்.

அவருக்கு என் நோய் தெரியாது. தெரியவே கூடாது என்று முடிவு செய்திருந்தேன். அம்மா போனதும் புற்றுநோயில்தான். அதற்குப் பிறகு அவர் மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சோற்றுத் தட்டைக் கொண்டுபோய் வைத்தால், வைத்தபடியே திரும்பி வரும். இன்னொரு தடவை என்றால் அவர் எழுந்திருக்க மாட்டார். அதனால் திட்டம் இது: சிகிச்சை முடியட்டும், முடி வளரட்டும், ஒரு நாள் பழைய கதை சொல்வதுபோல் சொல்லிக்கொள்ளலாம். நல்ல திட்டம். மீசையைத்தான் கணக்கில் எடுக்க மறந்துவிட்டேன்.

தலை போனதில் பெரிய விசேஷம் இல்லை. தலையணையில் கொஞ்சம், குளியலறை வடிகால் ஜாலியில் கொஞ்சம் என்று உதிர ஆரம்பித்ததும் சலூனில் உட்கார்ந்து மொத்தமாக எடுத்துவிட்டேன். மெடிக்கல் லீவுக்குக் கையெழுத்துப் போட நெய்வேலிச் சுரங்கத்து ஒர்க் ஷாப்புக்குப் போனபோது ஷிப்டில் இருந்தவர்கள் சுற்றி நின்றார்கள். நிலக்கரி எடுப்பதற்கு முன் மேலே மலை மாதிரி கிடக்கும் மண்ணை அள்ளுவதை இங்கே ஓ.பி. எடுப்பது என்பார்கள்.

"என்னப்பா, ஓ.பி. எடுத்து முடிச்சுட்டாங்களா?" என்றான் என் கூட்டாளி.

"முடிச்சாச்சு."

"கரி எப்ப வரும்?"

"உள்ள ஒண்ணும் இல்லைனு ரிப்போர்ட் வந்திருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். வாய் திறந்திருந்தது ஞாபகம் இருக்கிறது.

வெளியாட்களுக்கு மொட்டை ஒரு பொருட்டே இல்லை. நம் ஊரில் மொட்டை என்றால் வேண்டுதல். மார்க்கெட்டில் பலாச்சுளை விற்கும் பண்ருட்டி அம்மா, "இன்னா சார், திருப்பதி போய்கினு வந்தீங்களா? லட்டு எங்க?" என்று கேட்டார். லட்டு தீர்ந்துவிட்டது என்றேன். அடுத்த மாதமும் அதே மொட்டையோடு போய் நின்றேன்.

"மறுபடியுமா சார்?"

"இது பழனிம்மா."

"அப்டி இன்னா சார் வேண்டிகினு கெடக்கீங்க?"

சுளை வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்றாவது மாதத்துக்குத் திருச்செந்தூரைத் தயாராக வைத்திருந்தேன்.

மீசை ஒரு மத்தியானம் போனது. மோர் குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளரில் முடி. "மோர்ல முடி கெடக்கு, பாத்து ஊத்தக்கூடாதா?" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன். அவள் டம்ளரைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "உங்களோடதுதாங்க" என்றாள். மேலுதட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். கொத்தாகக் கையோடு வந்தது. வலிக்கவில்லை. வலித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. காலேஜ் நாளிலிருந்து கூடவே இருந்தது, போகும்போது ஒரு சுருக் கூட வைக்காமல் போனது. மிச்ச மோரை வடிகட்டிக் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வீடியோ காலில் வருவார். மனைவி அவளுடைய ஐப்ரோ பென்சிலோடு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஆடாதீங்க."

"இன்னும் கொஞ்சம் தடிப்பா."

"நீங்க என்ன கூத்துக்கா போறீங்க?"

புருவமும் அதற்குள் பாதி போயிருந்ததால் அதற்கும் ஒரு கோடு. தலையில் ஈரத் துண்டு. வியர்த்தால் மீசை வழியும், அதனால் பேன் முழு வேகத்தில். சிரித்தால் மடங்கிவிடும், அதனால் சிரிப்பு கூடாது. ஆயுசு முழுக்க அடுத்தவனைச் சிரிக்க வைத்துப் பிழைத்தவனுக்கு வந்த கேட்டைப் பாருங்கள்.

"என்னல, எப்பப் பாத்தாலும் குளிச்சிட்டே இருக்க? நெய்வேலில அவ்வளவு தண்ணி வருதோ?" என்றார் அப்பா.

"வெயில்ப்பா."

கொஞ்ச நேரம் திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். நான் முகத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"மீசை நல்லா கருகருனு இருக்குல. என்ன டை?"

"புதுசா வந்திருக்குப்பா."

"எனக்கும் ஒண்ணு வாங்கி அனுப்பு."

போனை வைத்ததும் எங்கள் வீட்டில் ஒரு விதி பிறந்தது. மீசை வரையாமல் அப்பாவின் காலை யாரும் எடுக்கக் கூடாது.

இப்படியே நாட்கள் போயின. போயின என்றுதான் சொல்லமுடியும். நான் எதையும் தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை. மருந்தால் விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. சட்டைப் பித்தானை மனைவிதான் போட்டுவிட்டாள். காலையில் எழுந்ததும் மேலுதட்டைத் தடவிப் பார்ப்பேன். முடி இல்லையா, இல்லை விரலுக்குத்தான் தெரியவில்லையா என்று கண்டுபிடிக்க முடியாது. கண்ணாடியைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதனால் தடவிக்கொண்டே இருப்பேன்.

வெளியே போனால் மாஸ்க் இருந்தது. அது டாக்டர் சொன்னதுதான், மீசைக்கும் உதவியது. ஒரு சாயங்காலம் மெயின் பஜாரில் கத்திரிக்காய்க்குப் பேரம் பேச மாஸ்க்கைக் கீழே இறக்கினேன். பேரத்தில் வாய் தெரிய வேண்டும் என்பது என் கொள்கை. இறக்கிய வாயை மூடுவதற்குள் பக்கத்தில் ஒருவர் பையைத் தரையில் வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அனல்மின் நிலையத்தில் வேலை பார்க்கிறவர், வேறு பிளாக்கில் குவார்ட்டர்ஸ். தென்காசிக்காரர், தூரத்து உறவு, என்னை அத்தான் என்பார்.

என் தலையைப் பார்த்தார். உதட்டைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"எப்ப அத்தான்? ஒரு வார்த்தை சொல்லலியே."

அப்பாவைக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இல்லை என்று சொல்லவேண்டும். சொன்னால், பிறகு மீசை எங்கே என்று வரும். அதற்குப் பதில் சொன்னால் அது விடிவதற்குள் தென்காசி போய்ச் சேரும். இவ்வளவையும் யோசித்தேன் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது ஒன்றும் யோசிக்கவில்லை. தலை தானாக ஆடியது.

"நல்லாத்தான இருந்தாங்க மாமா. கஷ்டப்படாம போனாங்களா?"

"ம்."

"அண்ணன் அங்கதான இருக்கான். வீட்டுக்குப் போயி துட்டி கேக்கச் சொல்லுதேன்."

சாவு விசாரிப்பதைத்தான் எங்கள் பக்கம் துட்டி கேட்பது என்போம். துட்டி கேட்டவர் புறப்படும்போது 'வாரேன்' என்று சொல்லக் கூடாது. அவரும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு போனார். நான் கத்திரிக்காயைச் சொன்ன விலைக்கே வாங்கினேன்.

வீட்டில் மனைவி நடந்ததைக் கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"தலையாட்டுனீங்களா?"

"அது தானா ஆடிச்சு."

"பெத்த அப்பாவைக் கொன்னுட்டு வந்து நிக்கிறீங்க."

"கஷ்டப்படாம போனார்னுதான் சொல்லியிருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. அந்த ஆளுக்கு உடனே போன் செய்து உண்மையைச் சொல்லச் சொன்னாள். நம்பர் இல்லை, நாளைக்கு விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். நாளைக்குப் புதுச்சேரியில் மருந்து ஏற்றும் நாள் என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

மருந்து ஏற்றி முடித்து மறுநாள் வீடு வந்தபோது நான் ஆளாகவே இல்லை. கட்டிலில் விழுந்தேன். என் போன் எங்கோ சத்தமில்லாமல் கிடந்தது. மனைவியின் போனில் அப்பா வீடியோ காலில் வந்தாராம். விதிதான் இருக்கிறதே; என் முகத்தில் மீசையும் இல்லை, அதை வரையும்படி என் கோலமும் இல்லை. அவள் கட் செய்தாள். அவர் திரும்பக் கூப்பிட்டார். அவள் திரும்பக் கட் செய்தாள். அப்புறம் பேசுகிறோம் மாமா என்று மெசேஜ் அனுப்பினாள். அப்பா மெசேஜ் பார்க்கிறவர் இல்லை.

அடுத்த நாள் காலையில் கேட் சத்தம் கேட்டது. மனைவி கதவைத் திறந்தாள். அப்பா கையில் பை கூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். அவளிடம் எதுவும் கேட்கவில்லையாம். முதலில் அவள் நெற்றியைப் பார்த்தார், பிறகு கழுத்தைப் பார்த்தார். இரண்டையும் பார்த்த பிறகுதான், "எங்கம்மா அவன்?" என்றார்.

நான் அறையிலிருந்து வந்தேன். துண்டு இல்லை, புருவம் இல்லை, மீசை இல்லை. அப்பா என்னைப் பார்த்தார். செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உசுரோடதான் இருக்கியா" என்றார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

எனக்கு வாயில் வந்தது, "திருப்பதி போயிருந்தோம்ப்பா."

"ஏழுமலையான் புருவத்தையுமா கேட்டாரு?"

அதற்கு மேல் என்னிடம் கோயில் இல்லை. சொல்லிவிட்டேன். கட்டி, டெஸ்ட், மருந்து, பென்சில், எல்லாவற்றையும். பஜாரில் தலையாட்டியதையும்.  பிறகு அவர் பக்கத்துக் கதையைச் சொன்னார்.

"நேத்து அந்தப் பயலோட அண்ணங்காரன் வந்தான். கதவைத் தொறந்தது நான். என்னைப் பாத்ததும் பேயறைஞ்ச மாதிரி நின்னான். உள்ள வந்து உக்காந்தான். காப்பி வேண்டாம்னான். என்ன விஷயம்லனு கேட்டா ஒண்ணுமில்ல மாமானான். எந்திரிச்சுப் போவும்போது வாரேன்னு சொல்லல. அப்ப துட்டிக்குல்லா வந்திருக்கான். இந்த வீட்டுல இருக்கது நான் ஒருத்தன். நான் சாவல. அப்ப யாருக்குத் துட்டி? உனக்குப் போன் போட்டா எடுக்கல. மருமவ கட் பண்ணுதா. எனக்கு என்ன தோணும்? பஸ்ஸுல வரும்போது…"

அங்கேயே நிறுத்திவிட்டார். மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முழுக்கக் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"கேன்சர்தான?" என்றார்.

அந்த 'தான'வை நான் எதிர்பார்க்கவில்லை. இந்த ஒரு வார்த்தை அவர் காதில் விழக் கூடாது என்றுதான் மாதக்கணக்கில் முகத்தில் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதைவிடப் பெரியதைத் தென்காசியிலிருந்து தனியாகச் சுமந்துகொண்டு வந்தவருக்கு இது பாதியாகத் தெரிந்திருக்கிறது. இட்லி கேட்டார். சாப்பிட்டார். சட்னியில் உப்பு போதாது என்றார். நான் எதிரில் உட்கார்ந்து, இப்போது எனக்கு ஏதாவது வரும், அழுகையோ நிம்மதியோ, என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அவர் இன்னொரு இட்லி வைக்கச் சொன்னார்.

சாப்பிட்டு முடித்ததும் தென்காசிக்குப் போன் போட்டு அந்தத் துட்டிக்கார அண்ணனைப் பிடித்தார். "நான்தாம்ல, செத்துப்போன மாமா பேசுதேன்" என்றார். 

அப்பா திரும்பிப் போகவில்லை. மாற்றுத் துணி பஜாரில் வாங்கிக்கொண்டார். புதுச்சேரிக்கு எங்களோடு வந்து, மருந்து இறங்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்து, அங்கே ஓடும் டிவியைத் திட்டினார். சுவரைப் பார்த்துப் படுக்கவில்லை. எல்லாம் முடிந்து எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன அன்று மனைவி அழுதாள். நான் மேஜையில் இருந்த காலண்டரில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "இவனுக்கு மீசை எப்பம்மா வரும்?"

புருவம் முதலில் வந்தது. தலையில் கோழிக்குஞ்சு மாதிரி மெத்தென்று ஒன்று வந்தது. என் முடி கம்பி மாதிரி இருக்கும், இது சுருண்டது. யாருடைய தலையோ தவறி என்னிடம் வந்துவிட்டதுபோல் இருந்தது. மீசைதான் கடைசி. வெள்ளையாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது. டை அடிக்க இன்னும் கொஞ்ச காலம் ஆகும் என்றார் டாக்டர். கறுத்த மீசையோடு அப்பாவும் வெளுத்த மீசையோடு நானும் நடை போனால் யார் யாருக்கு அப்பா என்று சந்தேகம் வரும்.

தினமும் காலையில் அப்பா என்னை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் முகவாயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"இடது பக்கம் கம்மி."

"ஒரு தடவை சிரைச்சுட்டா தடிப்பா வரும்னு சலூன்ல சொல்றாங்கப்பா."

"இப்ப எடுக்காத" என்றார். கை முகவாயிலேயே இருந்தது. "நான் போன பெறவு எடுக்கதுக்கு ஒண்ணு வேணும்லா. அதுக்குத்தான வளக்கச் சொல்லுதேன்."

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் நான். அன்று, "சரிப்பா" என்றேன்.

அவர் என் முகத்தை வலது பக்கம் திருப்பினார். "இங்க பரவால்ல" என்றார்.