செம்புக்கு மாத்தல்

பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது தாமிரபரணியில் நான் தாமிரம் கண்டுபிடித்தேன். அந்தப் பெருமை எனக்கு மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் என் கால் தரையில் பட்டதாக ஞாபகமில்லை.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நானும் என் தோழியும் மின்னாற்பகுப்பை எடுத்திருந்தோம். தண்ணீருக்குள் மின்சாரத்தை விட்டு அதை இரண்டாகப் பிரிக்கிற வேலை. பென்சிலைப் பிளந்து எடுத்த இரண்டு கரிக்குச்சி, ஒவ்வொன்றின் தலையிலும் சுற்றிய செம்பு வயர், ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒரு கண்ணாடி டம்ளர். பிளஸ் பக்கம் மாட்டியது நேர்மின்வாய், மைனஸ் பக்கம் மாட்டியது எதிர்மின்வாய். வெறும் தண்ணீரில் மின்சாரம் சண்டித்தனம் பண்ணும் என்பதால் அரை எலுமிச்சம்பழம் பிழிந்தோம். எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் நுரைக்கும், நேர்மின்வாயில் அதில் பாதி அளவுக்கு ஆக்சிஜன் வரும். அவ்வளவுதான் பாடம்.

எனக்கு அது போதவில்லை. ஆற்றின் பெயரிலேயே தாமிரம் இருக்கிறதே, கரண்டை விட்டால் வந்துதானே ஆகவேண்டும் என்று தோன்றியது. டவுண் பஸ் ஓட்டுகிற அப்பாவிடம் சொன்னேன். விடியற்காலை டூட்டிக்குப் போகுமுன் குறுக்குத்துறையில் இறங்கி ஒரு கேன் நிறைய ஆற்றுத் தண்ணீர் பிடித்துவந்து வைத்துவிட்டார்.

டம்ளரில் விளிம்புவரை ஊற்றினேன். அளந்து ஊற்றுகிற பழக்கம் அன்றும் எனக்கில்லை, இன்றும் இல்லை. அரைமணி நேரத்தில் எதிர்மின்வாய்க் குச்சி சிவந்திருந்தது. தொட்டுப் பார்த்தால், சந்தேகமே இல்லை, செம்பு. செம்பு அயனிக்கு நேர்மின்சுமை, அது எதிர்மின்வாய்க்குத்தான் ஓடும். எல்லோருக்கும் எதிர்வீட்டின் மேல்தான் கண் என்று எங்கள் டீச்சர் சொல்லிக்கொடுத்தது அப்படியே நடந்திருக்கிறது. நான் வீட்டுக்குள் மூன்று சுற்று ஓடினேன். அன்றைக்கு மாலைக்குள் அப்பா ஜங்ஷனுக்கும் டவுணுக்கும் நடுவே இருக்கிற அத்தனை நிறுத்தத்திலும் சொல்லி முடித்துவிட்டார். கண்காட்சிக்கு லீவு போட்டுவிட்டு, கூட வேலை பார்க்கும் நாலு பேரைக் கூட்டிவருவதாக ஏற்பாடு. ‘தாமிரபரணியில் தாமிரம்’ என்று முழ நீளத்துக்குச் சார்ட் எழுதினேன்.

தோழி பாளையங்கோட்டைக்காரி. அவள் வீட்டில் அப்பா அம்மா இரண்டு பேருமே வாத்தியார்கள், அதனால் எதையும் சரிபார்க்காமல் நம்பமாட்டாள். கண்காட்சியன்று காலை, வேறு தண்ணீரிலும் செய்து பார்த்துவிடுவோம் என்றாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். பள்ளியில் குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரை அதே மாதிரி விளிம்புவரை ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, பேட்டரியை மாட்டினோம்.

கால்மணி நேரத்தில் குச்சி சிவந்தது.

கேன் தண்ணீரிலும் செம்பு. தோழி நேர்மின்வாய்க் குச்சியைப் பைய வெளியே எடுத்தாள். தண்ணீருக்குள் மூழ்கியிருந்த இடத்தில் வயர் அரித்துப்போயிருந்தது. வீட்டில் முதல் தரம் பிளஸ் பக்கம் மாட்டியிருந்த வயரையும் எடுத்துப் பார்த்தோம். அது தலைமுடி மாதிரி மெலிந்து, தொட்டதும் அறுந்தது. செம்பு ஆற்றிலிருந்து வரவில்லை. நான் தளும்பத் தளும்ப ஊற்றிய தண்ணீருக்குள் பிளஸ் பக்க வயர் முங்கி, கரைந்து, எதிர்ப்பக்கம் போய் ஒட்டியிருக்கிறது.

வாசலில் அப்பா நாலு பேரோடு வந்துகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அவர் முகத்தைப் பார்த்ததும், வாயை மூடிக்கொண்டு சிவந்த குச்சியை மட்டும் காட்டிவிடலாமா என்று நிஜமாகவே நினைத்தேன்.

“ஏட்டி, உங்க அப்பாட்ட நீ சொல்லுதியா, நான் சொல்லவா?” என்றாள் தோழி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் வருகிற சிரிப்பு, நிற்கவே இல்லை, அவளுக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்துக்கொண்டே ஸ்கெட்ச் பேனாவை எடுத்துச் சார்ட்டில் ‘தாமிரபரணியில் தாமிரம்’ என்பதற்குக் கீழே ‘எங்கள் வயரிலிருந்து’ என்று எழுதினேன். இன்னொரு டம்ளரையும் எடுத்து, இரண்டிலும் ஆற்றுத் தண்ணீர் வைத்தோம். வயர் முங்கியதில் செம்பு ஏறியது, வயர் வெளியே நின்றதில் வெறும் குமிழிதான் வந்தது. நடுவர் வயிறு குலுங்கச் சிரித்து, இரண்டாவது தரமும் செய்யச் சொல்லிப் பார்த்தார். மாவட்டக் கண்காட்சிக்கு என்னவோ எரிமலை செய்தவர்களைத்தான் அனுப்பினார்கள்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அறுந்த வயரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் மானத்தை வாங்கிவிட்டேன் என்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் அவர் பஸ்ஸில்தான் பள்ளிக்குப் போனேன், கூனிக் குறுகிக்கொண்டு. ஈரடுக்கு மேம்பாலத்தில் பஸ் ஏறும்போது முன்சீட்டு அண்ணாச்சி ஒருவர், ஆற்றுச் செம்பு என்ன ஆயிற்று என்று வேண்டுமென்றே கேட்டார்.

அப்பா கியரை மாற்றினார். “ஆத்துல ஒண்ணும் இல்ல வே. வயர்ல இருந்த செம்புக்கு எம்பிள்ள மாத்தல் ஆர்டர் போட்டுட்டா. எனக்கு ஒரு மாத்தல் வாங்க எட்டு வருசம் ஆச்சு. இவ அரைமணி நேரத்துல போட்டுட்டாளே.”

பஸ் முழுக்கச் சிரித்தது. கண்ணாடி வழியே அவர் என்னைத் தேடிப் பார்த்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றேன்.