பெரியப்பாவின் முறை

எண்பதுகளின் தொடக்கம். சேலத்தில் விடுதியில் தங்கி ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். 'வேஸ்ட்ஃபுல்' என்ற சொல்லை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதி வரச் சொல்லியிருந்தார் ஆசிரியை. தாராளமாகச் செலவழிப்பதெல்லாம் அதில் சேராதாம். உதவக்கூடிய ஒன்றை யாருக்கும் உதவாமல் தொலைக்கிற ஆளையோ பழக்கத்தையோதான் அப்படிச் சொல்ல வேண்டுமாம். ஆயுதபூஜை விடுமுறைக்கு நாமக்கல் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு வந்தேன். அந்த வாக்கியம் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுக் கிணறு. மூன்று நாள் அவர் முறை, மூன்று நாள் எங்கள் முறை. முறைக்காரர்தான் மோட்டார் போடலாம். எங்கள் மஞ்சள், இலை சுருண்டு நின்றது. அது காய்ந்தால் என் படிப்பு அதோடு சரி. பெரியப்பாவோ கடலைக்கொடி பிடுங்கிய வெறுங்காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"போய்க் கேளுங்கப்பா" என்றேன்.

"அண்ணன் முறை. அவரு எங்க வேணாலும் உடுவாரு" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

நானே போனேன். "ஏனுங்க பெரியப்பா, வெறுங்காட்டுக்கு எதுக்குங்க தண்ணி? ஒரு மணி நேரம் எங்க பக்கம் திருப்பி உடுங்க."

"உட்டா என்னாகும் தெரியுமா சாமி? இவனுக்குத் தண்ணி மிச்சம், பாதி முறை போதும்னு நாளைக்குப் பஞ்சாயத்துல பேசுவாங்க."

"இதுக்கு இங்கிலீசுல வேஸ்ட்ஃபுல்னு பேருங்க!"

"அப்படியா? படிச்ச புள்ள, எழுதி வெச்சுக்க" என்று சிரித்தார். எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் மாலை மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. மஞ்சள் பிழைத்தது. அம்மா வாசலில் நனைந்தபடி வானத்தைக் கும்பிட்டாள்.

விடிந்தும் மழை விடவில்லை. அன்று எங்கள் முறை. அப்பா கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய் மோட்டாரைப் போட்டார்.

"ஐயோ, கிறுக்குப் புடிச்சிருச்சாப்பா? பாத்தியெல்லாம் தண்ணி நிக்குது, மஞ்சள் அழுகிப் போயிருமுங்க!"

"ஓடைக்கு வெட்டி உடு சாமி. மம்பட்டிய எடு."

முணுமுணுத்துக்கொண்டே வெட்டினேன். கிணற்றுத் தண்ணீர் மழைத் தண்ணீரோடு கலந்து ஓடைக்குப் போனது. எதிர் வரப்பில் பெரியப்பா குடையோடு வந்து நின்றார். மோட்டார் ஓடுகிறதா என்று காதுகொடுத்துக் கேட்டார். வந்த வழியே திரும்பிப் போனார்.

அவர் எதற்கு வந்தார் என்று அப்பா சொல்லவில்லை. எனக்கே புரிந்துவிட்டது. மடையை இன்னும் அகலமாக வெட்டிவிட்டேன்.